வீட்டிலிருந்து வேலை, கலைந்துபோகும் நாள்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

எங்கள் வீடு தென்னாப்பிரிக்காவின் டர்பனில், ரிசர்வாயர் ஹில்ஸ் மேட்டில் இருக்கிறது. நான் லண்டன் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறேன். என் கணவர் சென்னைக் குழு ஒன்றோடு மென்பொருள் சோதனை செய்கிறார். இரண்டு வேலையும் வீட்டிலிருந்துதான். மகளுக்கு 11 வயது, மகனுக்கு 5. ஆறு வருஷத்தில் எங்கள் நாள் பலமுறை கலைந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் எடுத்துக் கட்டியிருக்கிறோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்போது மற்ற அம்மாக்கள் சொல்கிற கதைகளும் ஏறக்குறைய இவைதான். அதனால் அறிகுறியை வைத்துத் தேடும்படி எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். மூன்று நாளைக்கு, வீட்டில் முதல்முறை குரல் உயர்ந்த நேரத்தை மட்டும் அதில் எழுதுங்கள். யார் கத்தினார்கள், எதற்காக என்று எழுத வேண்டாம். அதை எழுதினால் தாளே இன்னொரு சண்டையாகிவிடும். மூன்று நாளும் அந்த நேரம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், பழுது அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. ஓட்டு வீட்டில் தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. சட்டத்தில் வழிந்து வந்து வேறெங்கோ சொட்டும். நாளும் அப்படித்தான் ஒழுகுகிறது.

காலை 6.30: பிள்ளை கிளம்பவில்லை, வீடெங்கும் சத்தம்

எழுப்பினாலும் எழவில்லை என்றால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு, கீழே தூக்கத்தைப் பற்றிய பகுதிக்குப் போங்கள். காலையில் செய்கிற எந்த ஏற்பாடும் தூக்கக் குறையைச் சரிசெய்யாது.

எழுந்துவிட்டது, ஆனால் நகரவில்லை என்றால்: பிள்ளை “எங்கே?” என்று எத்தனை முறை கேட்கிறது என்று ஒரு காலை முழுக்க எண்ணுங்கள். சாக்ஸ் எங்கே, தண்ணீர் பாட்டில் எங்கே, கையெழுத்து வாங்க வேண்டிய தாள் எங்கே. நான்கு முறைக்கு மேல் வந்தால் காரணம் அதுதான். முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே பை, காலணி, மறுநாள் உடுப்பு மூன்றும் வாசல் பக்கம் வந்துவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு என்று வைத்தால் நடக்காது. அப்போது எல்லோருக்கும் உடம்பு அசந்துவிடும். காசு செலவில்லாத வேலை இது. நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு இதுவே போதுமாக இருந்தது.

பெரியவர் ஒருவர் அந்த நேரத்தில் கூட்டத்தில் இருக்கிறார் என்றால்: சென்னையில் 9.30 என்றால் நமக்குக் காலை 6. மூன்றரை மணி நேர வித்தியாசம் வருஷம் முழுக்க மாறாது. என் கணவரின் தினசரிக் கூட்டம் 6 மணிக்குத் தொடங்கி ஏழு வரை இழுத்த காலத்தில், எங்கள் தாளில் மூன்று நாளும் 6.40 என்று இருந்தது. அவர் மேலாளரிடம், “குழந்தைகள் இருக்கிறார்கள், கஷ்டமாக இருக்கிறது” என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். எதுவும் மாறவில்லை. பிறகு, “சென்னை 12 மணிக்கு வைத்தால் எனக்கு 8.30, அப்போது முழுக் கவனத்தோடு இருப்பேன்” என்று எழுதிக் கேட்டார். ஒரே வாரத்தில் மாறியது. நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

அவர்கள் மாற்றவில்லை என்றால், காலை முழுவதையும் ஒருவர் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையை மற்றவர். ஆளுக்குப் பாதி என்று பிரித்தால், நடுவில் கைமாறுகிற இடத்தில்தான் டப்பா மறந்துபோகிறது. அதற்கடுத்த வழி லிஃப்ட் கிளப், அதாவது பிள்ளைகளை முறைவைத்துக் காரில் ஏற்றிப்போவது: மூன்று வீடுகள் சேர்ந்தால் வாரத்தில் இரண்டு நாள் ஓட்டினால் போதும். பெட்ரோல் கணக்கை முதல் வாரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள், பிறகு பேசினால் மனஸ்தாபம் வரும். கடைசி வழி மாதக் கட்டணப் பள்ளி வண்டி.

நிபுணரிடம் போக வேண்டிய இடம்: பள்ளி நாட்களில் மட்டும் காலையில் வயிற்றுவலி, சனி ஞாயிறில் இல்லை, இரண்டு வாரமாக இப்படியே இருக்கிறது என்றால் முதலில் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள், பிறகு மருத்துவரிடம் போங்கள். பள்ளியில் ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். இதை அதட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள்.

மதியம் 2.30க்குப் பிறகு வேலையும் ஓடவில்லை, பிள்ளையும் அழுகிறது

அதிகம் பேர் என்னிடம் கேட்பது இதைத்தான். பள்ளி விடுகிறது, கீழ் வகுப்புப் பிள்ளைகள் இன்னும் முன்னதாகவே வந்துவிடுகிறார்கள், நமக்கோ வேலை நாளில் பாதி பாக்கி. வரிசையாகப் பாருங்கள். ஒன்று சரியாகிவிட்டால் அடுத்ததற்குப் போகத் தேவையில்லை.

முதலில் பசி. பள்ளி இடைவேளையில் டப்பாவைக் காலி செய்த பிள்ளை பல மணி நேரம் கழித்து வீட்டுக்கு வருகிறது. “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன பண்ணே?” என்று கேட்பதற்கு முன் தட்டு மேசையில் இருக்க வேண்டும். சோறும் ரசமும், இல்லையென்றால் முதல் நாள் ரொட்டியும் பீன்ஸ் கறியும். இரண்டு நாள் செய்து பாருங்கள். இருபது நிமிஷத்தில் அழுகை அடங்கிவிட்டால் கோளாறு தீர்ந்தது.

அடுத்தது, வந்த முதல் கால் மணி நேரம். என் மகன் ஒரு மதியத்தில் பதினான்கு முறை என் அறைக்குள் வந்தான். பென்சில் சீவ, தண்ணீர் கேட்க, சும்மா நிற்க. அவனுக்கு வேண்டியிருந்தது பென்சில் இல்லை. மறுநாள் அவன் வந்ததும் மடிக்கணினியை மூடிவிட்டு, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் அவனோடு தரையில் உட்கார்ந்தேன். அன்று மூன்று முறைதான் வந்தான். கால் மணி நேரத்தைக் கொடுத்து ஒன்றரை மணி நேரத்தை வாங்கினேன். அந்த நேரத்தைக் காலண்டரில் கூட்டம் போலவே அடைத்துவைக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

மூன்றாவது, கதவு. அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எப்போது பேசலாம், எப்போது கூடாது என்பது தெரியாது. கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் ரத்தமோ நெருப்போ தவிர வரக்கூடாது. துணி இல்லையென்றால் எதற்கும் வரலாம். இது வேலை செய்ய ஒரே நிபந்தனை, துணி பொய் சொல்லக்கூடாது. கூட்டம் முடிந்ததும் எழுந்து அவிழ்த்துவிட வேண்டும். நாள் முழுக்கக் கட்டியே கிடந்தால் மூன்றாம் நாள் அது வெறும் துணி.

நான்காவது, அந்த நேரத்தில் நீங்கள் என்ன வேலையை வைக்கிறீர்கள் என்று பாருங்கள். தலை நிமிராமல் செய்ய வேண்டியதைக் காலை 8 முதல் 1 வரை முடித்துவிட்டு, பதில் எழுதுவது, கோப்பு அடுக்குவது, ரசீது சரிபார்ப்பது போன்றவற்றை 2.30க்குப் பிறகு வையுங்கள். லண்டன்காரர்கள் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்தால் நமக்கு மாலை 3. அவர்களுடைய குளிர்காலத்தில், அதாவது நம்முடைய கோடையில், 4. நான் வாய்ப்பிருந்தால் கூட்டங்களைக் காலைக்கு இழுத்துவிடுகிறேன்.

ஐந்தாவது, ஒரு மனிதர். பக்கத்து வீட்டு ஆயா, அதாவது பாட்டி, செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் என் மகனை வைத்துக்கொள்கிறார். அவருடைய பாட்டனார் காலத்திலேயே கரும்புத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். பேச்சு ஆங்கிலத்தில்தான், ஆனால் தண்ணி, சோறு, வா, உக்காரு என்பதெல்லாம் அப்படியே இருக்கின்றன. மாரியம்மன் பாட்டும் இருக்கிறது. என் மகன் அங்கிருந்து வரும்போது அவற்றை முணுமுணுத்துக்கொண்டே வருகிறான். அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேலை நேரம், அவனுக்கு வேறொரு பாட்டி. காசு கொடுத்தால் வாங்கமாட்டார், அதனால் மாதம் இரண்டு முறை அவரை மருத்துவமனைக்கும் கடைக்கும் என் காரில் கூட்டிப்போகிறேன். உதவி ஒரு பக்கமாகவே போனால் அது நீடிக்காது, அந்தக் கணக்கை நாமேதான் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஆஃப்டர்கேர், அதாவது பள்ளி விட்ட பிறகு கட்டணத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம். செலவு அதிகம் என்று தள்ளிப்போடுவதற்கு முன், மதியம் விட்டதைப் பிடிக்க இரவு 9க்கு மேல் வாரத்தில் எத்தனை மணி நேரம் உட்காருகிறீர்கள் என்று கூட்டிப் பாருங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வந்தால் கட்டணத்தைவிட நீங்கள் கொடுக்கிற விலைதான் பெரியது. வாரத்தில் மூன்று நாள் மட்டும் சேர்க்கிற இடங்களும் உண்டு, கேளுங்கள்.

இதில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழே பிள்ளை, இரண்டு முழுநேர வேலை, வேறு ஆள் இல்லை என்ற நிலையை எந்த அட்டவணையாலும் சரிசெய்ய முடியாது. உங்களிடம் குறை இல்லை, கை போதவில்லை. ஆள் வைக்க வேண்டும், அல்லது ஒருவர் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். அது முடிகிறவரை பிள்ளையைத் திரைக்கு முன் உட்காரவைப்பதுதான் எல்லோரும் செய்வது. 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரண்டு வயது முடிந்தும் “அம்மா வா”, “பால் வேணும்” என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வேலை முடிவதே இல்லை

ஐந்து நாளைக்கு, மடிக்கணினியைக் கடைசியாக மூடிய நேரத்தைக் குறியுங்கள்.

நாளுக்கு நாள் வேறு வேறு நேரம் வந்தால், முடிவுக்கு ஒரு ஆணி இல்லை என்று அர்த்தம். அலுவலகம் போகிறவர்களுக்குப் பயணம் அந்த ஆணி. நம் வீட்டுக்குள் அதை நாமே அடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது மாலை விளக்கு. ஆறு மணிக்கு விளக்கேற்றுவேன். அதற்கு முன் மடிக்கணினி அலமாரிக்குள் போய்விடும். சாப்பாட்டு மேசையில் மூடியிருந்தாலும் அது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும், கண்ணில் படாமல் இருக்க வேண்டும். சாமி கும்பிடாத வீடென்றால் மாலை நடை போதும். ஆனால் ஜூனில் டர்பனில் மாலை 5 தாண்டியதுமே சூரியன் மறைந்துவிடும். இருட்டில் தனியாகப் போகாதீர்கள், 4.30க்கே கிளம்புங்கள்.

கைபேசியில் வேலைச் செயலிகள் இருந்தால் எடுத்துவிடுங்கள். முடியாதென்றால் இரவு 7க்கு மேல் ஒலி வராதபடி வையுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாள் அக்டோபர் கடைசியிலோ மார்ச்சிலோ திடீரென்று கலைந்தால், குற்றம் உங்கள் வீட்டில் இல்லை. நம் நாட்டில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அவர்கள் மாற்றுகிறார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும். அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும். நியூயார்க்கின் காலை 9 மணி நமக்கு ஒரு காலத்தில் மாலை 3, இன்னொரு காலத்தில் 4. இரண்டு வருஷம் நவம்பர் மாதம் முழுக்கப் பிள்ளைகளோடு எரிந்து விழுந்த பிறகுதான் இது என் கண்ணில் பட்டது. இந்த நாலு நாட்களையும் காலண்டரில் குறித்துவைத்து, அதற்கு முந்தைய வாரமே சாப்பாடு, குளியல், படுக்கை மூன்றையும் எப்படி நகர்த்துவது என்று பேசிக்கொள்ளுங்கள்.

எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் வேலைதான் அதிகம். தென்னாப்பிரிக்க நிறுவனத்தின் ஊழியர் என்றால் 1997ஆம் வருஷத்து அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. வாரத்துக்குச் சாதாரண வேலை 45 மணி நேரம், ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் தொடங்கும்வரை 12 மணி நேர ஓய்வு, தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் சாப்பாட்டு இடைவேளை. குறிப்பிட்ட வருமான வரம்புக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கும் மேல்நிலை நிர்வாகிகளுக்கும் இந்த நேர விதிகள் பொருந்தாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஒப்பந்தக்காரராக இருப்பவர்கள் ஒப்பந்தத்தைத்தான் படிக்க வேண்டும். சட்டம் பொருந்துகிறவர்கள் முதலில் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பலிக்கவில்லை என்றால் எங்கே புகார் செய்வது என்று, வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் அமைப்பான சிசிஎம்ஏ அலுவலகத்தில் விசாரியுங்கள். அங்கே கட்டணம் இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, பிடித்த காரியத்திலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் கண்ணீர் வருகிறது என்றால் அட்டவணையை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு வந்தால் அந்த நிமிஷமே தற்கொலைத் தடுப்பு உதவி எண் 0800 567 567ஐக் கூப்பிடுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

மின்சாரம் போனால் நாளே சிதறுகிறது

முதலில், போனது யாருடைய மின்சாரம்? பிரீபெய்டு மீட்டரில் யூனிட் தீர்ந்திருக்கிறதா, வீட்டு மின் இணைப்புப் பெட்டியான டிபி போர்டில் சுவிட்ச் விழுந்திருக்கிறதா, எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா, செயலியில் லோட்ஷெடிங் (பற்றாக்குறையால் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) அறிவிப்பு இருக்கிறதா. இந்த வரிசையில் பார்த்தால் இரண்டு நிமிஷம். எங்கள் வகுப்புக்கு வருகிற ஓர் அம்மா, யூனிட் தீர்ந்ததைத் தெரியாமல் இரண்டரை மணி நேரம் இருட்டில் காத்திருந்தார்.

2023இல் பட்ட பாடு இப்போது இல்லை. 2024 மார்ச் கடைசியிலிருந்து முந்நூறு நாளுக்கு மேல் லோட்ஷெடிங்கே இல்லாமல் போனது. ஆனாலும் கேபிள் திருட்டு, துணைமின்நிலையப் பழுது என்று ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கிறது. பழைய ஏற்பாட்டைக் கலைத்துவிடாதீர்கள்.

ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வைத்திருந்தும் இணையம் போகிறது என்றால், சுவரைப் பாருங்கள். ஃபைபர் வீடுகள் பலவற்றில் இரண்டு பெட்டிகள் இருக்கும். சுவரில் இருப்பது ஃபைபர் வந்து சேரும் பெட்டி, மேசையில் இருப்பது ரவுட்டர். பலர் மேசைப் பெட்டிக்கு மட்டும் யுபிஎஸ் கொடுத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று யுபிஎஸ்ஸைத் திருப்பித் தருகிறார்கள். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். வாங்குவதற்கு முன் இரண்டின் அடியிலும் எழுதியிருக்கிற வோல்ட் அளவைப் பாருங்கள்.

மாலையில் மின்சாரம் போனால் முதலில் அடிபடுவது குளியல். கீசர் ஆறிவிடும், குளியல் தள்ளிப்போகும், அதோடு தூக்கமும் தள்ளிப்போகும். லோட்ஷெடிங் அட்டவணை வந்திருக்கிற நாளில் பிள்ளைகளை 4 மணிக்கே குளிப்பாட்டிவிடுங்கள். இருட்டு நேரத்துக்கென்று ஒரு வேலையை முன்பே முடிவு செய்துவையுங்கள். எங்கள் வீட்டில் அது பல்லாங்குழி. மகன் இப்போது லோட்ஷெடிங் எப்போது வரும் என்று கேட்கிறான்.

செலவு வரிசை இப்படிப் போகும்: சார்ஜ் விளக்கு, மினி யுபிஎஸ், கேஸ் அடுப்பு, சக்கரம் வைத்த இன்வெர்ட்டர், வீட்டு ஒயரிங்கோடு சேர்த்த இன்வெர்ட்டர், சோலார். டிபி போர்டைத் தொடுகிற எந்த வேலைக்கும் பதிவு பெற்ற மின்பணியாளர் வர வேண்டும், வேலை முடிந்ததும் அவரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். அது இல்லாமல் தீப்பிடித்தால் காப்பீட்டுப் பணம் வருவது கஷ்டம். ஜெனரேட்டரை ஒருபோதும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாயு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும்.

தண்ணீருக்கு 25 லிட்டர் கேன் இரண்டு எப்போதும் நிரம்பியிருக்கட்டும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டோங்காட் நீர் சுத்திகரிப்பு நிலையம் பழுதாகி, அந்த ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் வாளியோடு லாரிக்குக் காத்திருந்தார்கள். அங்கே இருக்கிற என் தோழி இன்னமும் வெறும் பாட்டிலைத் தூக்கிப் போடுவதில்லை.

நேரத்துக்குச் சாப்பாடு இல்லை, நாள் முழுக்கக் கொறிப்பு

மதியச் சாப்பாட்டை எங்கே சாப்பிட்டீர்கள் என்று மூன்று நாள் பாருங்கள். விசைப்பலகைக்குப் பக்கத்தில் என்றால் காரணம் அதுதான். தட்டோடு வேறு அறைக்குப் போங்கள். அப்புறமும் கொறிப்பு நிற்கவில்லை என்றால், ஞாயிறு மதியம் இரண்டு கறியை அதிகமாகச் செய்து டப்பாக்களில் ஃப்ரீசரில் வையுங்கள். பசிக்கிற நேரத்தில் சோறு மட்டும் வடித்தால் போதும் என்றிருந்தால் சிப்ஸ் பொட்டலத்தைக் கை தேடாது.

இங்கே புரட்டாசியில் நம் ஊரைவிடக் கட்டுப்பாடாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதம் மட்டும் சாப்பாடு நேரத்துக்கு நடக்கிறது. சனிக்கிழமைப் பூசை என்ற ஒன்று அசையாமல் நிற்பதால் மற்றதெல்லாம் அதைச் சுற்றி ஒழுங்காகிவிடுகிறது. புரட்டாசி முடிந்ததும் அந்தச் சனிக்கிழமைச் சாப்பாட்டு வேளையை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

ராத்திரி தூங்க மறுப்பு, அல்லது விடியற்காலையில் விழிப்பு

எந்த மாதம் என்று பாருங்கள். டிசம்பரில் டர்பனில் 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடும். ஜூனில் 6.50 ஆகும். நவம்பர் முதல் ஜனவரி வரை விடியலில் எழுந்து சுற்றுகிற பிள்ளைக்குத் தேவை கனமான திரை. இரண்டு நாள் போர்வையை ஜன்னலில் மாட்டிச் சோதியுங்கள், பலித்தால் பிறகு திரை வாங்குங்கள். ஜூனில் எழ மறுக்கிற பிள்ளைக்கு வெளிச்சம் வேண்டும், 6.15க்கு அறை விளக்கைப் போடுங்கள்.

மாதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் மணியைக் கூட்டுங்கள். 3 முதல் 5 வயதுக்குப் பகல் தூக்கத்தோடு சேர்த்து 10 முதல் 13 மணி நேரம், 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12, பதின்வயதில் 8 முதல் 10. 6 மணிக்கு எழ வேண்டிய ஐந்து வயதுப் பிள்ளை 8க்குத் தூங்கியிருக்க வேண்டும். எட்டு மணிக்குத்தான் வேலை முடித்து அப்பா வெளியே வந்து, பிள்ளையைத் தூக்கிப் போட்டு விளையாடுகிறாரா? அந்த விளையாட்டை 6 மணிக்கு மாற்றுங்கள். அதற்காக இரண்டாவது முறை வேலைக்கு உட்கார வேண்டியிருந்தாலும், பிள்ளை தூங்கிய பிறகு உட்காரட்டும். திரைகளைப் படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே அணைப்பது பெரியவர்களையும் சேர்த்துத்தான்.

பிள்ளை பெரும்பாலான இரவுகளில் சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுந்தால் அது பழக்கக் கோளாறு இல்லை. கைபேசியில் பதிவு செய்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

“நீ வீட்லதானே இருக்கே”

இந்த வாக்கியம் வாரத்தில் ஒரு முறைக்கு மேல் காதில் விழுந்தால் இந்தப் பகுதி உங்களுக்கு.

சொல்வது ஊரில் இருக்கிற அம்மாவோ மாமியாரோ என்றால் எளிது. அவர்களுக்குச் சாப்பிட்டு ஓய்ந்த மதியம் 2 மணி, நமக்குக் காலை 10.30, வேலை உச்சம். எடுக்காமல் விட்டால் மனம் நோவார்கள். “அம்மா, தினம் உனக்கு ராத்திரி எட்டரைக்கு நானே கூப்பிடுறேன்” என்று சொல்லிவிட்டு, ஒரு நாளும் தவறாமல் கூப்பிடுங்கள். நமக்கு அது மாலை 5. பத்து நாளில் பகல் அழைப்பு தானாக நின்றுவிடும்.

சொல்வது கணவர் என்றால், சமையலையும் துணியையும் மட்டும் பட்டியல் போடாதீர்கள். நினைவில் வைத்திருக்கிற வேலைகளையும் எழுதுங்கள்: தடுப்பூசித் தேதி, பள்ளி வாட்ஸப் குழுவில் வந்த அறிவிப்பு, அளவு சிறிதாகிவிட்ட காலணி, ஆயாவுக்கு மாத்திரை. எழுதிய தாளை அவர் கையில் கொடுத்து, “ஏங்க, ஒரு வாரம் இதெல்லாம் உங்க பொறுப்பு, நான் ஞாபகப்படுத்த மாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கடினம். எங்கள் வீட்டில் அந்த வாரம் நூலகப் புத்தகம் திரும்பப் போகவில்லை, அபராதம் கட்டினோம். அதன் பிறகு என் கணவர் அந்தப் பட்டியலில் பாதியைத் தானே எடுத்துக்கொண்டார், இன்றுவரை திருப்பித் தரவில்லை.

பேச்சு அச்சமாக மாறியிருந்தால், கை ஓங்கப்பட்டிருந்தால், பணமோ கைபேசியோ பிடுங்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு 0800 428 428 என்ற குடும்ப வன்முறை உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. பிள்ளைகளுக்கான சைல்ட்லைன் 116.

கழுத்து, முதுகு, கண்

திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும், அதற்கு நாலு தடித்த புத்தகம் போதும். மடிக்கணினியை உயர்த்தினால் தனி விசைப்பலகை வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கிற மரத்தைப் பாருங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ வலி கைக்கோ காலுக்கோ இறங்கினாலோ நாற்காலி வாங்கிப் பயனில்லை, மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளி விடுமுறை வந்தால் எல்லாம் போச்சு

டிசம்பர் விடுமுறை ஒரு மாதத்துக்கு மேல் நீள்கிறது. பள்ளி நாள் அட்டவணையை அப்படியே நடத்தப் பார்ப்பவர்கள் முதல் வாரத்திலேயே தோற்றுவிடுகிறார்கள். இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: எழுகிற நேரம் ஒரு மணிக்கு மேல் தள்ளக்கூடாது, ராத்திரிச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து. மற்றதெல்லாம் நெகிழட்டும். கணவனும் மனைவியும் ஒரே வாரத்தில் விடுப்பு எடுக்காமல் மாற்றி மாற்றி எடுத்தால் பாதி விடுமுறை கடந்துவிடும். லிஃப்ட் கிளப் வீடுகள் ஆளுக்கு ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டால் மீதியும் கடந்துவிடும்.

ஜனவரியில் பள்ளி திறப்பதற்குப் பத்து நாள் முன்பிருந்தே படுக்கை நேரத்தை இரண்டு நாளுக்குக் கால் மணி நேரம் என்று முன்னால் கொண்டுவாருங்கள். கடைசி ஞாயிறு ராத்திரி ஒரே அடியாக இழுத்தால் வராது. அந்த ஞாயிறு மாலை, சாப்பாட்டுக்கு முன், பையும் காலணியும் உடுப்பும் வாசலுக்கு வந்துவிடட்டும்.